செயற்கைக்கோள் படங்களில் சேலம்-நாமக்கல் சமவெளியின் நிலக்குறிகள்

சேலம்-நாமக்கல் சமவெளியின் நிலக்குறிகள் என்பன, தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டங்களைக் காட்டும் செயற்கைக்கோள் (செய்மதி) படங்களில் தரைமீது காணப்படும் இணைகோடுகள், வெண்ணிறச் சதுரங்கள், கருநிறக் கட்டங்கள், பிறை வடிவங்கள், புள்ளி வரிசைகள், வளையங்கள் போன்றவற்றைக் குறிக்கும். முதன்முறையாகப் படத்தைக் காண்பவர்களுக்கு இவை விளங்காத புதிர்களாகத் தோன்றுவதுண்டு. எனினும் இவற்றுள் பெரும்பாலானவை இப்பகுதி மக்களின் தொழில்களும் நீர்த்தேவையும் நிலத்தில் விட்டுச்சென்ற தடங்களே ஆகும். சில, பாறை அமைப்பினால் இயற்கையாக உருவானவை. இன்னும் சில, படம் எடுக்கப்படும் முறையால் ஏற்படும் தோற்ற மயக்கங்கள் மட்டுமே.

ஒரு குறியின் வடிவத்தை மட்டும் கொண்டு அதன் வயதையோ பயனையோ முடிவு செய்ய இயலாது. குறியின் திசை, அளவு, பருவத்திற்கேற்ப அது மாறும் விதம் ஆகியவற்றை ஒப்பிட்டு, இறுதியில் நேரில் சென்று சரிபார்ப்பதே ஏற்கத்தக்க முறையாகும். இது தொலையுணர்வியலில் களச் சரிபார்ப்பு எனப்படும்.

நிலப்பகுதி

சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டம் 1997 ஆம் ஆண்டு சனவரி 1 முதல் இயங்கி வருகிறது. இவ்விரு மாவட்டங்களின் சமவெளியைச் சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, போதமலை, கஞ்சமலை முதலிய மலைகள் சூழ்ந்தும் ஊடறுத்தும் நிற்கின்றன. மேற்கு எல்லையை ஒட்டிக் காவிரி பாய்கிறது. திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிட்ட நதி ஆகியன மழைக்காலத்தில் மட்டும் பெருகும் சிற்றாறுகள் ஆகும்.

நிலத்தின் அடியில் சார்னோகைட், நைசு போன்ற மிகப் பழமையான கடினப் பாறைகள் உள்ளன. மேல்மண் பல இடங்களில் ஆழமற்றது. இதனால் தரையில் வெட்டப்படும் குழி, கொட்டப்படும் கல், கட்டப்படும் கரை ஆகியவற்றின் தடம் நெடுங்காலம் அழியாமல் இருக்கும். கோடையில் பயிரற்ற நிலம் செம்பழுப்பாகக் காய்ந்து கிடப்பதால் இத்தடங்கள் மேலும் தெளிவாகத் தெரிகின்றன.

படங்களும் பிரிதிறனும்

ஒரு படத்தின் மிகச்சிறு கட்டம் (படப்புள்ளி) தரையில் எவ்வளவு பரப்பைக் குறிக்கிறது என்பதே பிரிதிறன் எனப்படுகிறது. 1972 ஆம் ஆண்டு ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பிரிதிறன் சுமார் 80 மீட்டர். 1982 முதல் லேண்ட்சாட் படங்களில் இது 30 மீட்டராக மேம்பட்டது. 1988 ஆம் ஆண்டு ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்-1ஏ, 72.5 மீட்டர், 36.25 மீட்டர் பிரிதிறன்களில் படங்களை அளித்தது. 2005 இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 இன் பிரிதிறன் 2.5 மீட்டர். 2007 இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-2 ஒரு மீட்டருக்கும் குறைந்த பிரிதிறன் கொண்டது. ஐரோப்பாவின் சென்டினல்-2 (2015) 10 மீட்டர் பிரிதிறனில் ஒரே இடத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை படமெடுக்கிறது.

2005 இல் கூகிள் எர்த் மென்பொருளும், 2009 இல் இந்திய விண்வெளி ஆய்வு மையத்தின் புவன் தளமும் வெளியானபின், அதுவரை ஆய்வாளர்களிடம் மட்டுமே இருந்த இத்தகைய படங்கள் பொதுமக்களுக்கும் கிடைத்தன. தத்தம் ஊரை வானிலிருந்து பார்க்கத் தொடங்கியவர்கள் எழுப்பிய கேள்விகளே இந்நிலக்குறிகள் மீதான ஆர்வத்திற்குக் காரணம் எனலாம்.

குறிகளின் வகைகள்

இணைகோடுகள்

நாமக்கல் மாவட்டத்தின் படங்களில் மிகுதியாகக் காணப்படுவன, அருகருகே ஒரே திசையில் அமைந்த நீண்ட சாம்பல் நிற அல்லது வெண்ணிறக் கோடுகள் ஆகும். இவை முட்டைக்கோழிப் பண்ணைகளின் கொட்டகைகள். நாமக்கல் இந்தியாவின் முதன்மையான முட்டை உற்பத்தி மையங்களுள் ஒன்று.

இக்கோடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக அமைந்திருப்பது தற்செயலானதன்று. பக்கச் சுவரின்றி வலையால் அடைக்கப்பட்ட கொட்டகையின் நீண்ட பக்கங்கள் வடக்கிலும் தெற்கிலும் இருந்தால், காலை மாலை வெயில் குறுகிய முனைகளில் மட்டுமே படும். நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே இருப்பதால் கூரை நிழல் தருகிறது. நாமக்கல்லின் நிலநேர்க்கோட்டில் (சுமார் 11.2° வடக்கு) சூரியன் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் நேர் உச்சிக்கு வருகிறது.

கொட்டகையின் அகலம் பொதுவாக 30 அடியை ஒட்டியே இருக்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற இதுவே ஏற்ற அளவு. ஆகவே பறவைகளின் எண்ணிக்கையைக் கூட்ட விரும்பும் பண்ணையாளர் கொட்டகையை அகலப்படுத்தாமல் நீட்டுகிறார், அல்லது இடைவெளி விட்டு இன்னொன்று கட்டுகிறார். படத்தில் காணும் ஒரே அகலமுள்ள இணைகோடுகளுக்கு இதுவே காரணம். 10 மீட்டர் பிரிதிறன் படத்தில் ஒரு கொட்டகை ஒற்றைப் படப்புள்ளி அகலமுள்ள மங்கிய கோடாகவே தெரியும். ஒரு மீட்டருக்குக் குறைந்த பிரிதிறனில்தான் அது கூரை என்பது விளங்கும்.

வெண்ணிறச் சதுரங்கள்

சேலம், ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றிலும் பளிச்சென்ற வெண்ணிறச் சதுரங்களும் செவ்வகங்களும் காணப்படுகின்றன. ஒரு மாதப் படத்தில் வெண்மையாக இருக்கும் சதுரம் அடுத்த மாதப் படத்தில் சாம்பல் நிறமாக மாறிவிடுவதும் உண்டு. இவை ஜவ்வரிசி ஆலைகளின் (சேகோ ஆலைகள்) உலர்களங்கள் ஆகும்.

இப்பகுதியில் குச்சிக்கிழங்கு எனவும் வழங்கப்படும் மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, வடிகட்டி, தொட்டிகளில் தெளியவைத்து மாவு எடுக்கப்படுகிறது. மாவும் ஜவ்வரிசியும் சிமென்ட் களங்களில் வெயிலில் உலர்த்தப்படுகின்றன. இரண்டாம் உலகப்போரின்போது மலாயாப் பகுதியிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதைத் தொடர்ந்து, 1940 களில் சேலத்தில் இத்தொழில் வேரூன்றியது. ஆலைகளின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981 இல் பதிவு செய்யப்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

புவியைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள்கள் பல, உள்ளூர்ச் சூரிய நேரப்படி முற்பகல் 10.30 மணியளவில் ஓரிடத்தைக் கடக்கின்றன. அவ்வேளையில் களத்தில் மாவு பரப்பப்பட்டிருந்தால் சதுரம் வெண்மையாகவும், களம் காலியாக இருந்தால் சாம்பல் நிறமாகவும் பதிவாகிறது. மாவெடுத்தபின் எஞ்சும் திப்பியை உலர்த்தும் களம் சற்றுப் பழுப்பாகத் தெரியும். ஆலையை ஒட்டிய கருமையான திட்டுகள் கழிவுநீர்த் தொட்டிகளாக இருக்கலாம்.

வெண்ணிற வெட்டுகள்

சேலம் நகரின் வடமேற்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தை நோக்கி ஒழுங்கற்ற பெரிய வெண்பரப்பு ஒன்று உள்ளது. இது உலர்களம் அன்று. மேக்னசைட் எனப்படும் வெள்ளைக்கல் வெட்டப்பட்ட சுரங்கப் பகுதி. மக்னீசியம் மிகுந்த பாறை, கரியமில வாயு கலந்த நீரால் மாற்றமடைந்தபோது அதன் விரிசல்களில் மேக்னசைட் வெண்ணிற நரம்புகளாகப் படிந்தது. உருக்கு உலைகளின் உட்புறத்தில் பதிக்கப்படும் வெப்பந்தாங்கு செங்கல் செய்ய இது பயன்படுகிறது. தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் 1979 இல் தொடங்கப்பட்டது. சேலத்தின் தொடருந்து நிலையங்களுள் ஒன்று மேக்னசைட் சந்திப்பு என்றே பெயர் பெற்றுள்ளது.

படிக்கட்டுப் போன்ற விளிம்புகள் சுரங்கத்தின் வெட்டுப்படிகளையும், விசிறி வடிவ மேடுகள் கொட்டப்பட்ட கழிவுக் கற்களையும் காட்டுகின்றன. உலர்களத்தின் வெண்மை பருவத்திற்கேற்ப மாறும். சுரங்கத்தின் வெண்மை ஆண்டு முழுவதும் மாறாது. இரண்டையும் வேறுபடுத்த இதுவே எளிய வழி.

கருநிறக் கட்டங்கள்

வயல்களுக்கிடையே ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கும் சிறிய கருநிறச் சதுரங்களும் வட்டங்களும் பாசனக் கிணறுகள் ஆகும். கடினப் பாறையில் வெட்டப்பட்ட இக்கிணறுகள் அகலமானவை, ஆழமானவை. அருகிலுள்ள வெளிர்நிற மேடு, கிணறு வெட்டும்போது எடுத்துக் கொட்டப்பட்ட கல்லும் மண்ணும் ஆகும். சில பழைய கிணறுகளின் ஓரத்தில் குறுகிய பட்டை ஒன்று தெரியலாம். மின்சார இறைவைப் பொறி வருமுன் கவலை இறைத்தபோது மாடுகள் சென்றுவந்த சரிவுப் பாதையின் எச்சமாக அது இருக்கக்கூடும்.

கிணறு கறுப்பாகத் தோன்றுவதற்கு அதன் நிழலே காரணம், நீர் அன்று. 12 மீட்டர் அகலமும் 20 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். மார்ச்சு மாதப் பிற்பகுதியில் முற்பகல் 10.30 மணிக்கு இங்கு சூரியன் சுமார் 65° உயரத்தில் இருக்கும். அப்போது கிணற்றின் விளிம்பு அடித்தளத்தில் வீழ்த்தும் நிழலின் நீளம் சுமார் 9 மீட்டர். டிசம்பரில் சூரியனின் உயரம் சுமார் 49° ஆகக் குறைவதால் நிழல் 17 மீட்டரைத் தாண்டிவிடும்; கிணறு முழுவதும் இருண்டுபோகும். ஆகவே கருநிறக் கட்டத்தைக் கண்டு கிணற்றில் நீர் இருக்கிறது என்று கருதுவது தவறாகும்.

பெரிய கருநிறப் பள்ளங்கள் கல்குவாரிகளாக இருக்கலாம். இவற்றுக்கு லாரி செல்லும் பாதை இருக்கும், கிணற்றுக்கு இராது.

பிறைகளும் புள்ளி வரிசைகளும்

ஓடை ஒன்றை ஒட்டி மேலிருந்து கீழாகத் தொடர்ந்து காணப்படும் பிறை வடிவங்கள் ஏரிக்கரைகள் ஆகும். சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் மட்டும் கரை கட்டினால் போதுமாகையால், ஏரி முழு வட்டமாக அமைவதில்லை. பிறையின் வளைந்த முதுகு நீர் ஓடும் திசையைக் காட்டும். மேலுள்ள ஏரி நிறைந்து வழியும் நீர் அடுத்த ஏரியை அடையும் வகையில் இவை சங்கிலித் தொடராக அமைந்துள்ளன. படத்தில் தெரியும் மனித ஆக்கங்களுள் உண்மையிலேயே பழமை வாய்ந்தவை இவ்வகையில் உள்ளன.

வறண்ட ஏரியின் உட்பரப்பில் ஒழுங்கான புள்ளி வரிசைகள் காணப்படுவதுண்டு. தமிழ்நாட்டில் 1981 இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ் ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பரப்பில் கருவேல மரங்கள் நடப்பட்டன. நீரில் மூழ்காதிருக்க மண்ணைக் குவித்து, அம்மேடுகளின்மீது கன்றுகள் நடுவது இதன் முறை. மரங்களை வெட்டியபின்னும் மேடுகள் எஞ்சியிருந்தால், காரணம் அறியாதவருக்கு அவை புரியாத புள்ளிக்கோலமாகத் தோன்றும். ஏரியில் சதுரக் குழிகள் தெரிந்தால் அவை வண்டல் மண் எடுத்த இடங்களாக இருக்கலாம்.

தோன்றி மறையும் கட்டங்கள்

1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில், நீர் வற்றும் காலங்களில் கரையோரமாக அடுக்கடுக்கான வளைகோடுகள் தோன்றுகின்றன. நீர்மட்டம் படிப்படியாகத் தாழ்ந்தபோது ஒவ்வொரு நிலையிலும் விட்டுச்சென்ற கரைத்தடங்களே இவை. வெளிப்பட்ட நிலத்தில் மக்கள் பயிரிடுவதால் வயற்கட்டங்களும் உருவாகி, அணை நிரம்பியதும் மறைந்துவிடுகின்றன. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பகுதியில் மூழ்கிய கோயிலும் கிறித்தவ ஆலயமும் வெளியே தெரிவது வழக்கம்.

இயற்கை வடிவங்கள்

சேலத்தின் மேற்கே உள்ள கஞ்சமலை, வானிலிருந்து பார்க்கும்போது ஒன்றனுள் ஒன்றான நீள்வட்ட வளையங்களைக் கொண்டது போல் காணப்படும். இரும்புத் தாதுவான மேக்னடைட் கலந்த பாறை அடுக்குகள் தொட்டில் போல் மடிந்து, பின்னர் மேற்புறம் அரிக்கப்பட்டதால் கடினமான அடுக்குகள் வளைவான முகடுகளாக எஞ்சியுள்ளன. இது எரிமலை வாயோ விண்கல் விழுந்த பள்ளமோ அன்று.

சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகக் கிழக்கே செல்லும் நீண்ட நேரான பள்ளத்தாக்கும் இயற்கையானதே. புவியோட்டில் பாறைகள் ஒன்றையொன்று உரசி நொறுங்கிய வலுக்குன்றிய பட்டை ஒன்று இங்குள்ளது. இதனைப் புவியியலாளர் சேலம்-ஆத்தூர் பெயர்ச்சி மண்டலம் என்பர். அரிப்புக்கு எளிதில் உட்பட்ட இப்பட்டையிலேயே வசிட்ட நதியும் சாலையும் இருப்புப்பாதையும் அமைந்துள்ளன.

படத்தினால் விளையும் மயக்கங்கள்

சில குறிகள் தரையில் இல்லவே இல்லை. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

* பல நாட்களில் எடுத்த படங்கள் ஒட்டப்படும்போது, ஒட்டுமிடத்தில் நிலத்தின் நிறம் நேர்கோட்டில் திடீரென மாறும். இது எல்லைச்சுவர் போல் தோன்றும்.
* ஒளி மேலிருந்து வருவதாகக் கருதுவது மனிதக் கண்ணின் இயல்பு. நிழல் படத்தின் மேற்பக்கமாக விழுந்திருந்தால், மூளை பள்ளத்தை மேடாகவும் மேட்டைப் பள்ளமாகவும் கொள்ளும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் இம்மயக்கம் நீங்கும்.
* பொய்நிறப் படங்களில் அகச்சிவப்புக் கதிர் சிவப்பாகக் காட்டப்படுவதால், செழிப்பான பயிர் குருதிச் சிவப்பாகத் தெரியும்.
* சாய்வாக எடுக்கப்பட்ட படத்தில் உயரமான கட்டடங்களும் குன்றுகளும் ஒருபக்கம் சாய்ந்தது போல் இருக்கும்.

போகா நிகழ்வு

படத்தை மட்டும் நம்புவதால் ஏற்படும் தவறுக்கு இந்தியாவிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில் உள்ள போகா என்னும் இடத்தில், சுமார் 700 மீட்டர் நீளமுள்ள பெரும் சுருள் கோடும் நெளிகோடுகளும் இருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் இருவர் கூகிள் எர்த் படங்களில் கண்டனர். அங்கு நேரில் சென்றும் ஆராய்ந்து, இவை பழங்கால நிலவரைவுகளாக இருக்கலாம் என 2021 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பெரு நாட்டின் நாசுகா கோடுகளுடன் ஒப்பிட்டு இச்செய்தி உலகெங்கும் பரவியது.

2022 இல் வெளியான மற்றோர் ஆய்வு இதனை மறுத்தது. ஆளில்லா வானூர்தியால் நுணுக்கமாகப் படமெடுத்து, களத்தையும் ஆராய்ந்த தொல்லியலாளர் குழு, இவை மரம் நடுவதற்காக அண்மைக் காலத்தில் வெட்டப்பட்ட சால்கள் என்றும், அந்நடவு பலனளிக்கவில்லை என்றும் முடிவு கூறியது. மரங்கள் இல்லாமற்போனதாலேயே சால்கள் மட்டும் புதிராக எஞ்சின. தமிழக ஏரிகளின் புள்ளி வரிசைகளும் இதே இயல்பினவே.

இதற்கு முன்னர், 2002 இல், இராமர் பாலம் (ஆதாம் பாலம்) பகுதியின் விண்வெளிப் படங்கள் அதன் தொன்மைக்குச் சான்றாகப் பரப்பப்பட்டபோது, படங்களைக் கொண்டு மட்டும் அத்தீவுத் தொடரின் தோற்றத்தையோ வயதையோ கூற இயலாது என நாசா தரப்பில் விளக்கமளிக்கப்பட்டது.

படத்தில் தெரியாதவை

இப்பகுதியில் தொன்மையான நிலக்குறிகள் இல்லை என்பது இதன் பொருளன்று. இரும்புக்காலத்தைச் சேர்ந்த கல்வட்டங்கள் கொங்கு நாட்டில் பரவலாக உள்ளன. ஈரோடு மாவட்டத்தின் கொடுமணல் இதற்குப் புகழ்பெற்றது. தருமபுரி மாவட்டத்தின் கம்பைநல்லூரில் கற்களால் அமைந்த புதிர்நிலை உள்ளது. மக்கள் இத்தகைய அமைப்புகளை ஏழு சுற்றுக் கோட்டை என வழங்குவர். ஆனால் கல்வட்டங்கள் பெரும்பாலும் சில மீட்டர் குறுக்களவே கொண்டவை. 30 மீட்டர் பிரிதிறனில் ஒரு படப்புள்ளியின் பரப்பு 900 சதுர மீட்டர். 12 மீட்டர் பக்கமுள்ள ஒரு கிணறே அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் நிரப்பும் என்னும்போது, கல்வட்டம் அதில் பதிவாக வாய்ப்பில்லை. நுண்ணிய படங்களிலும் புதரும் மண்ணும் அதனை மறைத்துவிடலாம்.

ஆழ்துளைக் கிணறுகளும் படத்தில் தெரிவதில்லை. நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. ஆயினும் ஓரடிக்கும் குறைந்த விட்டமுள்ள துளையை வானிலிருந்து காண முடியாது. இரு மாவட்டங்களிலும் பல குறுவட்டங்கள் நிலத்தடி நீர் மிகையாக எடுக்கப்படும் பகுதிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. திறந்த கிணறுகள் கருநிறக் கட்டங்களாக எங்கும் தெரிய, அவற்றின் நீரை வற்றச் செய்யும் துளைகள் கண்ணுக்குப் புலப்படாமல் இருப்பது கருதத்தக்கது.

அடையாளம் காணும் முறை

ஒரு குறியின் தன்மையை அறியப் பின்வரும் படிகள் உதவும்:

1. அளவுகோலைக் கொண்டு நீள அகலங்களை அளத்தல். 30 அடி அகலமுள்ள நீண்ட கோடு கொட்டகையாக இருக்க வாய்ப்பு மிகுதி.
2. திசையைக் குறித்தல். கிழக்கு மேற்கு, நீரோட்டத் திசை, சாலைத் திசை ஆகியவற்றுள் எதனுடன் ஒத்துப்போகிறது எனக் காணல்.
3. வெவ்வேறு மாதங்களின் படங்களை ஒப்பிட்டு, நிறமோ வடிவமோ மாறுகிறதா எனப் பார்த்தல்.
4. பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்த்து, குறி முதலில் தோன்றிய காலத்தை அறிதல்.
5. அங்கு செல்லும் பாதை, மின்கம்பி, வாய்க்கால் ஆகியவற்றைத் தேடுதல்.
6. நேரில் சென்று பார்த்தல். அவ்வூர் முதியோரிடமும் நிலத்தில் உழைப்போரிடமும் கேட்டறிதல்.

இவற்றுள் ஆறாவது படியின்றி முந்தைய ஐந்தும் ஊகமாகவே நிற்கும். பல்லாவரத்தில் 1863 இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர் இராபர்ட் புரூசு ஃபூட், 1860 களில் சேலம் பகுதியின் பாறைகளைக் களத்தில் ஆராய்ந்து பதிவு செய்தவர். பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். வானிலிருந்து எடுத்த படங்கள் இல்லாத காலத்தில் செய்யப்பட்ட அத்தகைய களப்பணியே, இன்று படங்களைச் சரியாகப் பொருள்கொள்ள அடிப்படையாக விளங்குகிறது.

முக்கியத்துவம்

நிலக்குறிகளைப் பிழையாகப் பொருள்கொள்வதால் இருவகைத் தீங்குகள் நேரலாம். ஒன்று, அண்மைக் காலத்து வேலைத்தடம் பழம்பெருமையாக அறிவிக்கப்பட்டு வரலாற்றில் பிழை நுழைவது. மற்றொன்று, படத்தில் எதுவும் தெரியவில்லை என்ற காரணத்தால் உண்மையான தொல்லியல் இடங்கள் குவாரிக்கோ மனைப்பிரிவுக்கோ இரையாவது.

சரியாகப் பொருள்கொள்ளப்படும்போது இதே படங்கள் ஏரிகளின் பரப்புச் சுருங்குதல், சுரங்கக் கழிவு மேடுகள் பரவுதல், பயிர் நிலம் கொட்டகைகளாக மாறுதல் முதலியவற்றை ஆண்டு வாரியாக அளக்க உதவுகின்றன. பள்ளி, கல்லூரி மாணவர்கள் தம் ஊரின் படத்தையும் நிலத்தையும் ஒப்பிட்டுக் குறிப்பெடுத்தால், அது அவ்வூரின் நிலப்பயன்பாட்டு வரலாறாகவே அமையும்.

இவற்றையும் பார்க்க

* தொலையுணர்தல்
* கஞ்சமலை
* மேட்டூர் அணை
* ஜவ்வரிசி
* கல்வட்டம்
* நாசுகா கோடுகள்